முன்னால் நடந்த சந்தனமாரி

கண் போனவனுக்குக் காது கூர்மையாகிவிடும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு காலத்தில் நானே அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். நடையை வைத்து ஆளைச் சொல்வேன், இருமலை வைத்து வியாதியைச் சொல்வேன் என்று மட்டாஞ்சேரி முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட எனக்கு அரையடி முன்னால் ஒரு பெண் எட்டு மாதம் நடந்தாள். அவள் தோளில் என் கை இருந்தது. அவளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. அவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

என் பெயர் ராமர். அப்பா கொச்சி கார்ப்பரேஷனில் துப்புரவு வேலைக்காகத் தென்காசிப் பக்கமிருந்து வந்தவர். நான் பிறந்ததே இங்கே லைன் வீட்டில்தான். வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை பார்த்தேன். 1988இல் ஒரு நாள் தலைக்கு மேலே சுண்ணாம்பு மூட்டை கிழிந்து இரண்டு கண்ணிலும் கொட்டியது. அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. இரண்டு வருஷம் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்தே கிடந்தேன். உறவுக்காரர்கள் வந்து என் கட்டிலைச் சுற்றி நின்று அழுதுவிட்டு, நான் செவிடன் என்பதுபோல என் அம்மாவிடம் என்னைப் பற்றி விசாரித்துவிட்டுப் போவார்கள்.

என்னை எழுப்பி உட்கார வைத்தவர் முகமது இஸ்மாயில், எங்களுக்கு இக்கா, அதாவது அண்ணன். பிறவியிலேயே கண் இல்லாதவர், கொச்சங்காடியில் லாட்டரிச் சீட்டு விற்பவர். வந்தார், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார், "சாயா குடிச்சோ?" என்று கேட்டார். அதுவரை வந்த நாற்பது பேரில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை, நான் முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு நானும் அவரும், நர்ஸாக இருந்து கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை போன கமலாக்ஷி சேச்சியும் சேர்ந்து ஒரு கூட்டம் ஆரம்பித்தோம். அதற்குப் பெயர் கிடையாது. மாதத்தில் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடி அறையில் கூடுவோம். எங்களுக்கு இருந்த வேலை ஒன்றுதான். புதிதாகக் கண் போனவர் யார் என்று கேட்டறிந்து அவர் வீட்டுக்குப் போவோம், போய் உட்கார்ந்து பேசுவோம். அவரவர் கம்பைத் தட்டிக்கொண்டு தனித்தனியாகத்தான் போவோம். யார் முதலில் வந்து சேர்கிறார்களோ அவருக்கு அன்றைக்குப் பெரிய பெருமை.

போகும் இடத்தில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. அதைப் போட்டவன் நான். பேசும்போது கண்ணுள்ளவர்கள் யாரும் அறையில் இருக்கக் கூடாது. மாமியார், மனைவி, மகன் எல்லோரும் வெளியே போகவேண்டும், கதவைச் சாத்தவேண்டும். ஆரம்பத்தில் ஒரு வீட்டில் நான் பையனைக் கேட்ட கேள்விக்கெல்லாம் அவன் அப்பாவே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் போட்ட சட்டம் அது. தன் முகத்தை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் எவனும் மனதில் உள்ளதைச் சொல்ல மாட்டான். கதவைச் சாத்திய பிறகுதான், கக்கூஸுக்கு வழி தெரியாமல் இரவெல்லாம் அடக்கிக்கொண்டு கிடப்பதைச் சொல்வார்கள்.

எல்லாம் கேட்ட பிறகு நான் பேசுவேன். என் பேச்சு பேர் போனது. "ஒரு காரியம் ஒளிக்காம பறயுறேன். கண்ணு திரிச்சு வராது. ஆனா நீ திரிச்சு வருவே. செருப்பு, தம்ளர், சீப்பு, தீப்பெட்டி, இந்த நாலுக்கும் இடம் நிச்சயம் பண்ணு. ஆரையும் உன் கையப் பிடிச்சு இழுக்க விடாதே, நீ அவங்க கையப் பிடி. இப்ப ஆளுக நெறய வரும். மூணாம் மாசம் எல்லாரும் நின்னுருவாங்க. அப்ப நாங்க வருவோம்." எங்கள் தமிழில் மலையாளம் கலந்திருக்கும், பறயுறது என்றால் சொல்வது, திரிச்சு வருவது என்றால் திரும்பி வருவது. இதுதான் சாரம். இதைக் கேட்டு எழுந்து உட்காராதவர்கள் குறைவு.

1994இல் ஒரு இரண்டாம் ஞாயிறு அன்று சந்தனமாரி மாடிப்படி ஏறி வந்தாள். முப்பது வயது இருக்கும். எங்கள் லைன் வீட்டுக்குப் பக்கத்து வரிசை. கணவன் பெயர் பிச்சை, கார்ப்பரேஷனில் சாக்கடை வாரும் வேலை. மகள் சோனியாவுக்கு எட்டு வயது. இவள் ஒரு மசாலாக் கிடங்கில் சுக்கைத் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனவள். பக்கத்தில் வைத்த கூடைகளைத் தட்டிக் கொட்டுகிறாள் என்று நிறுத்திவிட்டார்கள்.

"ஆசுபத்திரியில காட்டினேன் அண்ணே. கண்ணுக்குப் பின்னாடி உள்ள படலம் ஓரத்துலேர்ந்து காஞ்சு வருதாம். இப்ப ஒரு குழாய் வழியா பாக்குற மாதிரி நடுவுல மட்டும் தெரியுது. சந்தியாயிட்டா அதுவும் இல்ல. குழாய் சிறுசாயிட்டே வருமாம்."

அவள் வீட்டில் ஒருவரும் இதை நம்பவில்லை. தரையில் விழுந்த ஊசியை எடுத்துவிடுவாள், இரண்டு அடி தள்ளி இருக்கும் வாளியில் இடறி விழுவாள். ஊசி தெரிகிறவளுக்கு வாளி தெரியாதா என்று பிச்சை கேட்பான். வேலைக்குப் போகாமல் இருக்க நடிக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தான். நான் அவனைக் குறை சொல்லப் போவதில்லை. குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

கமலாக்ஷி சேச்சி பழைய நர்ஸ் அல்லவா, தன் கையை நீட்டி, "எத்தன விரல்?" என்று கேட்டார்.

"ரெண்டு" என்றாள் மாரி.

"அப்ப உனக்குக் கண்ணு உண்டு" என்றார் இஸ்மாயில் இக்கா. மூன்று பேரும் சிரித்தோம்.

அவள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "முழுசா போறப்ப எப்படி இருக்கும் அண்ணே? அதக் கேட்கத்தான் வந்தேன். எனக்கு நல்லா பயமா இருக்கு" என்றாள்.

"அது போறப்ப பாத்துக்கலாம். இப்பவே எதுக்குக் கரைச்சல்?" என்றேன் நான்.

சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குப் படவில்லை. முழு இருட்டில் இருப்பவனுக்கு அரை வெளிச்சத்தில் இருப்பவனைக் கண்டால் ஒரு பொறாமை வரும். அதை நாங்கள் வெளியே சொல்வதில்லை, கேலியாகச் செய்வோம். "கண்ணுக்காரி" என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தோம். நாளைக்குப் பறிபோகப் போகிற பொருளுக்காக இன்றைக்கே அழுகிறாளே என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து இறங்கும்போது அவளே சேச்சியின் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். அடுத்த மாதம் சுள்ளிக்கல்லில் ஒரு வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. "நான் கொண்டுபோறேன்" என்றாள். அவள் தோளில் என் கை, என் தோளில் சேச்சியின் கை, சேச்சியின் தோளில் இக்காவின் கை. தடுமாறாமல், சாக்கடையில் கால் வைக்காமல், பத்து நிமிஷத்தில் போய்விட்டோம். இந்தச் சுகம் என்ன சுகம் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. கொஞ்ச நாளில் கம்புகள் அவரவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விட்டன.

சுள்ளிக்கல் வீட்டில் நாங்கள் உள்ளே போனதும் அவளும் கூடவே வந்து உட்கார்ந்தாள். "மாரி, நீ கொஞ்சம் வெளிய இரி" என்றேன். அவள் எழுந்து போனாள். அவர்கள் வீட்டு மாமியாரோடும் கொழுந்தனோடும் வாசலில் நின்றாள். ஏழு வருஷம் அப்படித்தான். தோப்பும்படி, பள்ளுருத்தி, படகேறி எறணாகுளம், எங்கே போனாலும் எங்களைக் கொண்டுவந்து சேர்ப்பாள், கதவைச் சாத்துவாள், வெளியே நிற்பாள். முடிந்ததும் கதவைத் திறந்து தோளைக் கொடுப்பாள்.

இரண்டு முறை உள்ளே உட்காரட்டுமா என்று கேட்டாள். ஒரு முறை நான், சட்டம் சட்டம்தான் என்றேன். இன்னொரு முறை, மூன்றாவது வருஷமோ நான்காவது வருஷமோ, "எனக்குக் குழாய் ரொம்பச் சிறுசாயிருச்சு அண்ணே, இப்ப ஒரு ஆளோட மூக்கு தெரிஞ்சா வாய் தெரியல" என்றாள். "நல்லதாப் போச்சு, சில ஆளுகளோட முழு மொகத்தப் பாக்காம இருக்குறதுதான் நல்லது" என்று இக்கா சொல்ல, எல்லோரும் சிரித்து அது அப்படியே முடிந்தது. அதற்குப் பிறகு அவள் தன் கண்ணைப் பற்றி எங்களிடம் பேசவில்லை. பேசாததால் கண் நன்றாக இருக்கிறது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

2001ஆம் வருஷம் அவளிடம் சில மாற்றங்கள் தெரிந்தன. அவற்றை நான் இப்போது வரிசையாகச் சொல்வேன், அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. கூட்டத்தில் மலையாளப் பத்திரிகை வாசித்துக் காட்டுவாள், அதை நிறுத்தினாள். கண்ணாடி உடைந்துவிட்டது என்றாள். நடக்கும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாள். மாரியம்மனுக்கு வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு கிடங்கின் முன்னால் நின்ற கைவண்டியில் இக்காவின் முழங்கால் இடித்தது. "கண்ணு பிடரியிலயா இருக்கு?" என்று அவர் கத்தினார். "தப்புதான் இக்கா" என்றாள். சேச்சிகூட, ஆளுக்குத் திமிர் ஏறிவிட்டது, முன்போலக் கவனமில்லை என்றார்.

அதில் ஒன்றை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. முன்பெல்லாம் அவள் சாயங்காலம் நான்கு மணிக்கே எங்களை அவசரப்படுத்துவாள். இருட்டும் முன்னே வீடு சேரவேண்டும் என்பாள். புருஷனுக்குச் சோறு வைக்க ஓடுகிறாள் என்று கேலி செய்வோம். அந்த வருஷம் அந்த அவசரம் நின்றுவிட்டது. ஆறரைக்குக் கிளம்பினாலும் சரி, ஏழுக்குக் கிளம்பினாலும் சரி என்றாள். இப்போதுதான் பொறுமை வந்திருக்கிறது என்று நாங்கள் மூன்று பேரும் அவளைப் பாராட்டினோம். பகலும் இரவும் ஒன்றாகிவிட்டால் ஒருத்திக்கு அவசரம் எங்கிருந்து வரும்? இது எங்களுக்குத் தெரியாத விஷயமா? உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஆனால் முன்னால் போகிறவளுக்குக் கண் இருக்கிறது என்பது எங்கள் புத்தியில் ஆணி அடித்தது போல இருந்தது. கண்ணுள்ளவன் கண்ணில்லாதவனைப் பார்க்காமல் போவது ஊர் வழக்கம். கண்ணில்லாத மூன்று பேர் கண்ணில்லாத ஒருத்தியைத் தெரிந்துகொள்ளாமல் போனது எங்களால் மட்டும் முடிந்த காரியம்.

அந்த நவம்பரில் தோப்பும்படியில் பாக்கியலக்ஷ்மி என்ற பெண்ணின் வீட்டுக்குப் போனோம். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஹோட்டல் சமையல்காரரின் மனைவி. சர்க்கரை வியாதியால் கண்ணுக்குள் ரத்தம் இறங்கி, பார்வை போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வழக்கம்போல மாரி கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள். பாக்கியலக்ஷ்மி அழுதாள், நாங்கள் கேட்டோம். பிறகு நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு காரியம் ஒளிக்காம பறயுறேன்" என்று ஆரம்பித்தேன்.

கதவு திறந்தது. யாரோ உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

"ஆரு?" என்றேன்.

"நான்தான் அண்ணே."

"மாரி, பேசிட்டிருக்கோமே. வெளிய இரி."

"எனக்கும் போச்சு அண்ணே" என்றாள். குரலில் அழுகை இல்லை. "முழுசா போச்சு. வெளிய நின்னு கேட்டுட்டிருந்தேன். இன்னைக்கு நின்னுக்க முடியல. எனக்கும் சேத்து பறயுங்க."

பத்துப் பன்னிரண்டு வருஷமாக எத்தனையோ வீடுகளில் சொன்ன சொற்கள் என் நாக்கு நுனியில் இருந்தன. பாதி வாக்கியத்தில்தான் நிறுத்தியிருந்தேன். அவள் பெயரைச் சேர்த்து அப்படியே தொடர்ந்திருந்தால் போதும். ஏழு வருஷமாக அவள் என்னிடம் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான்.

"அப்ப எங்கள ஆரு கொண்டுபோகும்?" என்றேன் நான்.

சேச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நான்தான்" என்றாள் மாரி. "எட்டு மாசமா நான்தானே கொண்டு வர்றேன்."

எப்படி என்று அவளே சொன்னாள். முணுமுணுப்பு வேண்டுதல் அல்ல, காலடி எண்ணிக்கை. சுக்கு வாசம் வந்தால் இடது பக்கம், சாக்கு வாசம் வந்தால் வலது பக்கம், வெல்டிங் பட்டறைச் சத்தம் கேட்டால் நாற்பது அடியில் திருப்பம். பஸ் போர்டைப் பக்கத்தில் நிற்பவரிடம் காதோடு காதாகக் கேட்டிருக்கிறாள். மூன்று குருடர்களைப் பின்னால் கட்டிக்கொண்டு நான்காவது குருடி மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படிவரை நடந்திருக்கிறாள். அதை நினைத்து அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். நான் கத்தினேன்.

"எட்டு மாசமா ஏமாத்தினியா? ஏதாவது ஒரு லாரி அடிச்சிருந்தா? உனக்கு மனசுல என்ன இருந்துச்சு?"

"கண்ணு இருந்தப்ப என்னை உள்ள இருக்க விடல" என்றாள் அவள். "போச்சுன்னு பறஞ்சா முன்னால நிறுத்த மாட்டீங்க. பின்ன நான் எங்க நிக்கணும் அண்ணே?"

இக்கா "போகட்டும், போகட்டும்" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. அப்போது பாக்கியலக்ஷ்மி தரையில் கையால் தடவிக்கொண்டு நகரும் சத்தம் கேட்டது. வளையல் உரசியது. "எங்க இருக்கீங்க அக்கா? எப்ப போச்சு? ஒருத்தர்ட்டயும் சொல்லலயா?" என்று கேட்டாள். இரண்டு பெண்களும் சேர்ந்து அழுதார்கள். கண் போய் இரண்டு மாதமே ஆன ஒரு பெண்ணுக்குத் தெரிந்தது, பதின்மூன்று வருஷம் ஆன எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் அங்கிருந்து எப்படி வீடு வந்தோம் என்று கேட்கிறீர்களா? அவள்தான் கொண்டுவந்தாள். பாக்கியலக்ஷ்மியின் புருஷன் ஆட்டோ பிடித்துத் தருகிறேன் என்றார். மாரி வேண்டாம் என்றாள். வாசலில் நின்று, "வாங்க" என்றாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். அவளுக்குக் கண்ணில்லை என்று தெரிந்த பிறகும் வைத்தேன், மற்ற இரண்டு பேரும் என் பின்னால் பிடித்துக்கொண்டார்கள். இப்போது அவள் வாய்விட்டே எண்ணினாள். இக்காவை அவர் வீட்டில் விட்டாள், சேச்சியை அவர் வீட்டில் விட்டாள், என்னை என் வாசலில் விட்டாள். நீ எப்படிப் போவாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் கூட்டத்துக்கு வரவில்லை. நானும் இரண்டு மாதம் போகவில்லை, வெட்கமாக இருந்தது. மூன்றாம் மாதம் கம்பை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பிச்சை வேலைக்குப் போயிருந்தான். கண் போனது உண்மைதான் என்று அவனுக்கு இப்போது தெரியும், அதனால் நடிப்பு என்று சொல்வதை விட்டுவிட்டு, தன் தலைவிதி என்று சொல்ல ஆரம்பித்திருந்தான். மாரி என்னை உட்காரச் சொன்னாள். சோனியா சாயா கொண்டுவந்தாள். மாரி மகளுடைய படிப்பைப் பற்றிப் பேசினாள், மழையைப் பற்றிப் பேசினாள். நான் சாயாவைக் குடித்துவிட்டு மெல்ல ஆரம்பித்தேன்.

"மாரி, ஒரு காரியம் ஒளிக்காம பறயுறேன். கண்ணு திரிச்சு வராது. ஆனா நீ..."

"வேண்டாண்ணே" என்றாள். கோபமில்லை, கடைக்காரரிடம் வேண்டாத சாமானைத் திருப்பிக் கொடுப்பது போலத்தான் சொன்னாள். "எனக்கு அது மனப்பாடம். நல்ல வாக்குதான். நானும் தினம் எனக்கே பறஞ்சு பாத்தேன். சொந்தமா பறஞ்சா ஏக்கல, மனசுல பிடிக்கல. வேற ஆள் பறஞ்சாத்தான் ஏக்கும் போல. ஆனா அது அன்னைக்குப் பறஞ்சிருக்கணும்."

நான் மன்னிப்புக் கேட்டேன். "சாரமில்ல அண்ணே, போகட்டும்" என்றாள். அப்புறம் நான் பேசிய எதற்கும் அவளிடமிருந்து "ம்" என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. பாக்கியலக்ஷ்மி மட்டும் வாரத்துக்கு ஒரு முறை மகனைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்க்க வருவதாகச் சோனியா சொன்னாள்.

கூட்டம் இன்னும் நடக்கிறது. இஸ்மாயில் இக்கா காலமாகிவிட்டார். புது ஆட்கள் வந்திருக்கிறார்கள், அரைப் பார்வைக்காரர்கள் இப்போது உள்ளேதான் உட்காருகிறார்கள். நான் இப்போதும் வீடுகளுக்குப் போகிறேன், அதே பேச்சைப் பேசுகிறேன், ஆட்கள் எழுந்து உட்காருகிறார்கள். பெரிய மனசுக்காரர் என்று என் கையைப் பிடித்துச் சொல்கிறார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. என் மனசு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். சந்தனமாரிக்குக் கண் போய்விட்டது என்று கேட்ட நிமிஷத்தில் எனக்கு நினைவு வந்தது என் வீட்டுக்குப் போகும் வழிதான்.